உதட்டுக் காகிதம், பத்துக்கு எத்தனை

ஜூலை 3, புதன். கரூர்

சாட்டை வீச்சுக்கு மார்க் போடச் சொல்லி ஒரு படிவம் வந்திருக்கிறது. பத்தொன்பது வருடமாக வீசுகிறேன். இதுவரை கைதட்டல்தான் மார்க். இப்போது ஒவ்வொரு வித்தையும் எவ்வளவு கடினம் என்று பத்துக்கு ஓர் எண் எழுதி இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தர வேண்டுமாம். மேனேஜர் ராமபத்ரன் மத்தியானம் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்துக் கொண்டுவந்து நீட்டினார்.

"சக்திம்மா, உங்க ஐட்டத்துக்கு நீங்கதான் மார்க் போடணும். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்குது."

வைஜயந்தி சர்க்கஸில் அவரும் பன்னிரண்டு வருடமாக இருக்கிறார். ஒரே சத்தமாம். இந்த நோட்டில் நான் எதற்குத்தான் மார்க் போடவில்லை? இன்றைய சாம்பார் 3. ராமபத்ரன் 2.

என் வீட்டுக்காரர் நாயகம் படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு மார்க்குன்னு ஒண்ணும் கேக்கலையே இதுல," என்றார். நான் அடிப்பவள், அவர் எதிரில் நிற்பவர். நிற்பதற்கு என்ன மார்க் என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

ஜூலை 4, வியாழன்

காலையில் உட்கார்ந்து எழுதினேன். தலைக்கு மேல் சுழற்றிச் சத்தம் எழுப்புவது 1. அதைச் செய்யத் தெரியாதவர் சாட்டையைத் தொடவே கூடாது. காற்றில் எட்டு வடிவம் போட்டு இரண்டு பக்கமும் வெடிக்க வைப்பது 3. இரண்டு கையிலும் இரண்டு சாட்டை, மாற்றி மாற்றி, 7. எதிரில் ஆள் பிடித்திருக்கும் செய்தித்தாளை இரண்டாகப் பிளப்பது 2. பார்ப்பவர்களுக்கு அதுதான் பெரிதாகத் தெரியும். இவ்வளவு அகலமான காகிதம், கையை நீட்டித் தள்ளிப் பிடித்திருக்கிறார், இதில் என்ன இருக்கிறது? எரியும் மெழுகுவர்த்தியை அணைப்பது 5. எதிரில் நிற்பவரின் மணிக்கட்டில் வலிக்காமல் சாட்டையைச் சுற்றவிடுவது 6, ஏனென்றால் அங்கே வேகத்தை விழுங்கத் தெரிய வேண்டும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தித்தாள் பிளப்பது 4. யாரும் நம்ப மாட்டார்கள். கண்ணைக் கட்டினால் கால் கணக்கும் தோள் கணக்கும் மட்டுமே மிச்சம், அவை பொய் சொல்லாது.

கடைசியாக உதட்டுக் காகிதம். ஒரு சாண் நீளக் காகிதத் துண்டை நாயகம் உதட்டில் கவ்வி நிற்பார். நான் மூன்று வீச்சில் அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மூன்றாவது வீச்சு முடிந்தால் உதட்டுக்கு வெளியே இரண்டு விரற்கடை மட்டுமே மிஞ்சும். மற்ற சர்க்கஸ்களில் ஆளைப் பக்கவாட்டில் நிறுத்துவார்கள். எங்களிடம் நேர் முகம், காகிதம் என்னை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். தூரம் ஒரு பிடி தவறினால் மூக்கு இருக்காது. ஒலிபெருக்கியில் இதைத்தான் "உலகத்தின் மிகக் கடினமான வித்தை" என்று இத்தனை வருடமாக அலறுகிறார்கள். 9 போட்டேன். 10 போட்டால் தலைக்கனம் என்பார்கள்.

ஜூலை 5, வெள்ளி

டீயை டம்ளரில் ஊற்றும்போது பாதி மேஜையில். பாத்திரத்தின் மூக்கு வளைந்திருக்கிறது. வேறு வாங்க வேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

மூன்று ஆட்டம். ஒரு மணி ஆட்டத்தில் மூன்றாவது வீச்சு காகிதத்தைத் தொடவே இல்லை. முன்னாலேயே வெடித்துவிட்டது. கேலரியில் ஒருவன் விசில் அடித்தான். மறுபடி வீசினேன், தொட்டது, ஆனால் மூன்று விரற்கடை மிஞ்சியது. காற்று. ஆடி பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் கரூரில் தார்ப்பாயைப் பிய்த்து எறிகிறது. எட்டடி நீளத் தோலின் நுனியில் ஒரு நூல்குஞ்சம், அது காற்றுக்கு அசையாமல் என்ன செய்யும்?

நாயகம் இரவு உணவுக்கு எனக்கும் சேர்த்துத் தட்டு கழுவி வைத்தார். தட்டு கழுவுவது அவர் வழக்கம் இல்லை.

ஜூலை 8, திங்கள்

ராமபத்ரன் படிவத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"சக்திம்மா, எதிர்ல ஆள் நிக்கிற ஐட்டம் ஏதாவது ஏழு, அதுக்கு மேல போச்சுன்னா, அடிக்கிறவங்க கண்ணு, கை ரெண்டுக்கும் டாக்டர் சர்ட்டிபிகேட் வைக்கணுமாம். இருபத்தோராம் தேதி நாலு மணி ஆட்டத்துக்கு அவங்க ஆள் நேர்ல பாக்க வர்றார். அதுக்குள்ள கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுங்களேன்."

"எதுக்கு?"

"ஒம்போது போட்டிருக்கீங்களே."

படிவத்தை வாங்கி 9ஐ அடித்து 6 என்று எழுதிக் கொடுத்தேன். நிதானமாக யோசித்துப் பார்த்தால் அது ஆறுதான். பத்தொன்பது வருடம் ஒரு வேலையைத் தினம் மூன்று தடவை செய்கிறவளுக்கு அது எப்படி ஒன்பது ஆகும்? முதலில் போட்டது என் தலைக்கனம். ராமபத்ரன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வைக்கு 1.

ஜூலை 10, புதன்

நேற்றும் இன்றும் ஆறு ஆட்டம், ஆறிலும் மூன்றாவது வீச்சு சுத்தமாக விழுந்தது. இரண்டு விரற்கடை மிச்சம், அளந்து வைத்தது போல. காற்று அப்படியேதான் அடிக்கிறது. கை அதைப் பழகிக்கொண்டுவிட்டது.

கோமாளி சாமித்துரைக்கு வாய் அதிகம். ரிங்கில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பாருங்க மக்களே, அண்ணன் கோட்டைத் தாண்டி வந்து நிக்கிறாரு. வீட்டுக்காரம்மா மேல அம்புட்டு ஆசை" என்றான். கேலரி முழுக்கச் சிரிப்பு. ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டுத் திட்டினேன். எங்கள் வேலையில் கோடு என்பது விளையாட்டு இல்லை. பலகை மேடை போட்டதும் நான் சாட்டையை நீட்டிப் படுக்க வைத்து, என் கால் நிற்கும் இடத்தில் ஒரு கோடும் அவர் கால் நிற்கும் இடத்தில் ஒரு கோடும் சாக்பீஸால் போடுவேன். அடிப்பவர் போட்ட கோட்டை நிற்பவர் தொடக் கூடாது. அதை வைத்து ஜோக் அடிக்கக் கூடாது என்றேன்.

"நான் பாத்ததத்தான்க்கா சொன்னேன்," என்றான். பார்த்தானாம்.

ஜூலை 12, வெள்ளி

ரிங்கில் புது விளக்கு மாட்டியிருக்கிறார்கள், மட்டமான சரக்கு. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வளையம் தெரிகிறது. ரெஜினாவிடம் கேட்டேன், கயிற்றில் நடக்கிற பெண்ணுக்கு விளக்கு முக்கியம் அல்லவா. "நல்லாத்தானே அக்கா இருக்கு?" என்றாள். சின்னப் பெண், எதையும் கவனிப்பதில்லை.

குஞ்சத்துக்குப் புது நூல் மாற்றினேன். ஊசியில் கோர்த்துக் கொடுத்தது நாயகம். எனக்கு நகம் வெட்டியிருந்ததால் பிடிபடவில்லை.

ஜூலை 13, சனி

இந்த நோட்டில் ஏப்ரல் பக்கத்தைப் புரட்டினேன். ஏப்ரல் 14, "பயிற்சியில் கண்ணில் தூசி" என்று எழுதியிருக்கிறேன். தூசி இல்லை. இரட்டைச் சாட்டையில் இடது கைச் சாட்டை திரும்பி வந்து என் இடது கண்ணில் அடித்தது. யாரும் பக்கத்தில் இல்லை. இரண்டு நாள் சிவந்திருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. சரியானதை எதற்கு எழுத வேண்டும் என்று தூசி என்று எழுதினேன்.

ஜூலை 15, திங்கள்

காலையில் எல்லோரும் குளிக்கப் போன நேரம் ரிங்குக்குப் போனேன். நாயகத்தின் உயரத்துக்கு ஒரு மூங்கிலை நட்டு, அதன் பிளவில் காகிதத்தைச் செருகினேன். சாட்டையை நீட்டி அளந்து கோடு போட்டேன். மூன்றாவது வீச்சை மட்டும் பத்து தடவை வீசினேன்.

பத்தில் மூன்று.

காற்றே இல்லை. தார்ப்பாய் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தவறியது எல்லாம் முன்னாலேயே, நாலு விரற்கடை, ஐந்து விரற்கடை முன்னாலேயே வெடித்தது.

முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு மறுபடி பத்து வீசினேன். பத்தில் ஏழு.

அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், மூங்கிலுக்கு நேரே வீசினால் கைக்கு என்ன மரியாதை இருக்கும், ஆள் நின்றால்தான் கை ஒழுங்காக வரும். அவர் நிற்கும்போது ஒரு வாரமாகப் பிசகவே இல்லையே. அது உண்மைதானே. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் நாள். சமையல் கூடாரத்தில் பாயசம் வைத்தார்கள், 7. ரெஜினாவின் அம்மா தேங்காய்ப்பால் பிழிந்தாராம். காற்று கூரையைத் தூக்கி அடிக்கிறது.

நாயகத்திடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உதட்டுக் காகிதத்த ஒரு மாசத்துக்கு நிறுத்தி வச்சா என்ன?"

"எதுக்கு நிறுத்தணும்? உனக்கு ஏதும் முடியலையா?"

"எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன். காத்துக்குச் சொன்னேன்."

அவர் ஊசியை வாரில் குத்தி வைத்தார். "உனக்கு ஏதும்னா சொல்லு பிள்ள," என்றார். நான் பாயசம் ஆறுகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அதை நிறுத்தினால் எங்கள் ஐட்டத்தில் என்ன மிஞ்சும்? செய்தித்தாளும் மெழுகுவர்த்தியும். அதைச் செய்ய நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். நாற்பத்துமூன்று வயதில் நான் டிக்கெட் கிழிக்கிற வாசலுக்குப் போக மாட்டேன்.

ஜூலை 20, சனி

ஏழு மணி ஆட்டத்தில் மூன்றாவது வீச்சு தவறிவிட்டது. ஆள் நிற்கும்போதே. மூன்று தடவை வீசியும் மூன்றாவது வெட்டு விழவில்லை, சாமித்துரை ஓடிவந்து தடுக்கி விழுந்து கேலரியைத் திசைதிருப்பினான். அவனுக்கு 9.

நாளை நாலு மணிக்கு இன்சூரன்ஸ்காரர் வருகிறார். அவர் முன்னால் இப்படி நடந்தால் ஆறு என்று போட்டது பொய் என்று தெரிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு விரற்கடை குறைவாகப் போகிறது. அப்படியானால் நாலு விரற்கடை நான் முன்னால் நின்றால் போதும். கோட்டை அதே இடத்தில் போட்டுவிட்டு, நிற்கும்போது காலை மட்டும் முன்னால் வைத்துக்கொள்வேன். யாருக்கும் தெரியாது. நாயகத்துக்கும் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தால் பயந்துவிடுவார், பயந்தவர் அசைவார், அசைந்தால்தான் ஆபத்து.

கண்ணை மூடிக்கொண்டு வீசலாமா என்றும் தோன்றியது. அவர் முகத்துக்கு நேரே கண்ணை மூடிக்கொண்டு வீச எனக்குத் தைரியம் இல்லை. திறந்துகொண்டு வீசுகிறேனே, அதற்கு மட்டும் எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு. காலை

ஒரு மணி ஆட்டத்தில் உதட்டுக் காகிதம் வேண்டாம் என்று ராமபத்ரனிடம் சொல்லிவிட்டேன். நாலு மணிக்கு மட்டும். நாயகத்தின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காலரைச் சுட்டுவிட்டேன், பழுப்பாக ஒரு தழும்பு. அவர் பரவாயில்லை என்று அதையே போட்டுக்கொண்டார்.

ஜூலை 21

ரத்தம்.

ஜூலை 22, திங்கள். ஆஸ்பத்திரி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இனிமேல் இந்த நோட்டில் தூசி என்று எதையும் எழுத மாட்டேன்.

நாலு மணி ஆட்டம். இன்சூரன்ஸ்காரர் சிவப்பிரகாசம் முன் வரிசையில், மடியில் ஒரு ஃபைலுடன் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான மனிதர். சுழற்று, எட்டு, செய்தித்தாள் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. கூரை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாயகம் போய் நின்றார். எங்கள் வழக்கப்படி என் வலது தோளைப் பார்த்து, கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். நான் தயார் என்று அதற்கு அர்த்தம்.

நான் நாலு விரற்கடை முன்னால் கால் வைத்தேன்.

முதல் வீச்சிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாதிக் காகிதம் போவதற்குப் பதில் முக்கால் போய்விட்டது. வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது, கை நிற்கவில்லை. இரண்டாவதைக் குறைத்து வீசினேன், நுனியை மட்டும் கிள்ளியது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அந்த மனிதர் ஃபைலில் ஏதோ எழுதுவது தெரிந்தது. மூன்றாவதை வீசினேன்.

சத்தம் வேறு மாதிரி கேட்டது. காகிதத்தில் விழும் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இது அது இல்லை. நாயகம் நின்ற இடத்திலேயே நின்றார். மேல் உதட்டிலிருந்து வலது கன்னம் வரை ஒரு கோடு, முதலில் வெள்ளையாக, பிறகு சிவப்பாக. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே அது நின்றிருந்தது. காகிதத்தின் மிச்சத்தை அவர் இன்னும் கவ்விக்கொண்டிருந்தார். அவர் அசையவே இல்லை. ரத்தம் சுட்டுப்போன காலரில் சொட்டியது.

ஓடிப்போய்ப் பிடித்தேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். அவர் கால் கோட்டில் இல்லை. கோட்டைத் தாண்டி, என்னை நோக்கி, ஆறு விரற்கடை முன்னால் இருந்தது.

ஒன்பது தையல்.

ஜூலை 23, செவ்வாய்

ராமபத்ரன் வந்தார். ஆப்பிள் கொண்டுவந்தார், அது போதும் என்று நினைத்திருப்பார்.

"சக்திம்மா, ஒண்ணும் கவலைப்படாதீங்க. அன்னிக்கு அடிச்ச காத்தை அந்த இன்சூரன்ஸ்காரரே பாத்தாரு. காத்துன்னு எழுதிடுவோம். மார்க்கு ஆறுதானே, சர்ட்டிபிகேட் கேக்க மாட்டாங்க. அண்ணனுக்குத் தையல் ஆறினதும் பழையபடி தொடங்கிடலாம்."

கட்டிலில் இருந்த நாயகமும் வீங்கிய வாயால், "காத்து," என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அந்தக் காற்றைக் கண்டுபிடித்ததே நான்தான். இப்போது எல்லோரும் அதை எனக்கே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

மாற்றுச் சட்டை எடுக்கக் கூடாரத்துக்குப் போனேன். அவர் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தால் உள்ளே காகிதத் துண்டுகள். எங்கள் சர்க்கஸ் நோட்டீஸ் காகிதம், மஞ்சளும் பச்சையும். மூன்றாவது வீச்சுக்குப் பிறகு அவர் உதட்டில் மிஞ்சுமே, அந்தத் துண்டுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் தேதி, எத்தனை விரற்கடை என்ற எண். ஏப்ரல் 15, இரண்டு. ஏப்ரல் 20, இரண்டரை. மே 3, மூன்று. மே 19, ஒன்றரை. ஜூன் முழுக்க மூன்று, இரண்டு, மூன்றரை, ஒன்று. ஜூலை 7, மூன்று. ஜூலை 8க்குப் பிறகு எல்லாம் இரண்டு, பக்கத்தில் சின்னதாக "முன்னால் 2" என்று எழுதியிருந்தது. கடைசித் துண்டு மட்டும் ஜூலை 20, ஆறு.

நான் வித்தைகளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் எனக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜூலை 24, புதன்

டப்பாவை அவர் மடியில் வைத்தேன். நன்றாகப் பேச முடிகிறது இன்று, மெதுவாக.

"ஏப்ரல்லயே தெரியுமா?"

"கண்ணு செவந்து கெடந்துச்சே. தூசின்ன. தூசிக்கு இமைல கோடு விழுமா?"

"சொல்லியிருக்கலாம்லா."

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"பன்னெண்டு நாளா ரெண்டு விரற்கடை முன்னால வந்து நின்னிருக்கீய. அன்னைக்கு ஆறு."

"சனிக்கிழம நாலு கொறஞ்சுதே. அத எட்டிக் குடுப்போம்னுதான். நீயும் முன்னால வருவேன்னு எனக்கு என்ன தெரியும்?"

அதே நாலு. அவர் தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறார், நான் தனியாக. ஒரே பாயில் படுத்துக்கொண்டு. இரண்டு பேர் கணக்கும் சரி. இரண்டும் சேர்ந்ததுதான் ஒன்பது தையல்.

"மொத வீச்சுலயே தெரிஞ்சிருக்கும்லா. முகத்தையாவது பின்னால இழுத்திருக்கலாம்லா."

அவர் டப்பாவை மூடினார். "இழுத்தா உனக்குத் தெரிஞ்சிரும்," என்றார். "அப்புறம் நீ சாட்டையத் தொட மாட்ட."

வராந்தாவுக்குப் போய் அழுதேன். எனக்கு இவ்வளவு அழுகை இருக்கும் என்று தெரியாது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, கண் டாக்டர் எந்த மாடி என்று நர்சிடம் கேட்டேன்.

ஜூலை 25, வியாழன்

இடது கண்ணில் புரை. அடிபட்டதால் வந்ததாம், ஏப்ரலில் தொடங்கியிருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஒரு கண் மங்கினால் தூரம் தெரியாது, டீ டம்ளருக்கு வெளியே போகும் என்று அவரே சொன்னார். நான் அவரிடம் டீயைப் பற்றிச் சொல்லவே இல்லை. ஆகஸ்ட் 8 ஆபரேஷன். பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் ஆறு மாதத்துக்குச் சாட்டையைத் தொடக் கூடாது, அதற்குப் பிறகும் பார்த்துத்தான் சொல்வேன் என்றார். தலையாட்டினேன்.

மத்தியானம் சிவப்பிரகாசம் வந்தார். ராமபத்ரன் கூடவே வந்து, அவர் உட்காருவதற்கு முன்பே காற்றைப் பற்றி ஆரம்பித்தார். நான் படிவத்தை வாங்கினேன். 6ஐ அடித்து 10 எழுதினேன். விபத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் "என் இடது கண். ஏப்ரல் முதல் தெரியும். மறைத்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ராமபத்ரன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

சிவப்பிரகாசம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஸ்கேலை எடுத்துப் படிவத்தில் புதிதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டார். மேலே "எதிரில் நிற்பவருக்கு" என்று எழுதினார்.

"மேடம், அன்னிக்கு நான் உங்களைப் பாக்கல. இவரைத்தான் பாத்தேன். இதுக்கு ஏன் மார்க் கேக்கலைன்னு ஆபீஸ்ல சொல்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து நிரப்பி அனுப்புங்க."

அவருக்கு 8. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டதற்கு இரண்டு குறைத்தேன்.

ஜூலை 27, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து கூடாரத்துக்கு வந்துவிட்டோம். நாயகம் அந்தப் பத்தியில் எதுவும் எழுத மாட்டேன் என்கிறார்.

"எனக்கு என்ன, நின்னேன். நிக்கதுக்கு என்ன மார்க்கு?"

மூன்றாம் தேதி நான் சொல்லிச் சிரித்த அதே வார்த்தை. இருபத்துநாலு நாளாக அதை வைத்திருந்திருக்கிறார்.

ஜூலை 29, திங்கள்

காலையில் அவரை ரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாட்டையை அவர் கையில் கொடுத்தேன். அவருக்கு வீசத் தெரியும், பத்தொன்பது வருடம் பார்த்தவருக்குத் தெரியாமல் இருக்குமா. செய்தித்தாள் மட்டும் போதும் என்றேன். 2 போட்ட வித்தை. கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொள்வது, அதில் என்ன இருக்கிறது என்று நானே எழுதியிருக்கிறேன்.

"உனக்கு என்ன வந்துச்சு?" என்றார்.

"படிவத்த நிரப்பணும். கோட்டைப் போடுங்க."

முதன்முதலாக அவர் கோடு போட்டார். சாட்டையை நீட்டிப் படுக்க வைத்து, குனிந்து, இரண்டு தடவை அளந்தார். நான் போய் என் கோட்டில் நின்றேன். செய்தித்தாளைப் பக்கவாட்டில், முழுக் கையையும் நீட்டிப் பிடித்தேன். அவர் தோளைப் பார்த்தேன். கண்ணை மூடித் திறந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் சாட்டை தெரியாது. இவ்வளவு வருடமும் எனக்கு இது தெரியாது. தோள் மட்டும் எழுவது தெரிகிறது, பிறகு ஒன்றும் இல்லை, பிறகு காதுக்குப் பக்கத்தில் வானம் கிழிகிற மாதிரி சத்தம். வீசுகிற கை யாருடையது என்று அந்த நேரத்தில் நினைவு வராது. அவர் என் புருஷன், நல்லவர், அளந்து கோடு போட்டவர், எதுவும் நினைவு வரவில்லை.

செய்தித்தாள் கிழியவில்லை. அதை நான் முன்னாலேயே கீழே போட்டுவிட்டேன். ஒரு அடி பின்னால் போய், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அவர் சாட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். சிரிக்கவில்லை, தையல் இழுக்குமே. "மறுபடி நிக்கியா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன்.

கூடாரத்துக்கு வந்து படிவத்தை எடுத்தேன். செய்தித்தாள் பிளத்தல், அடிப்பவருக்கு 2, எதிரில் நிற்பவருக்கு 10. அதற்குக் கீழே உதட்டுக் காகிதத்துக்கான கட்டம் இருக்கிறது. அதை வெறுமனே விட்டிருக்கிறேன். சிவப்பிரகாசம் கேட்டால், வந்து ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு அவரே எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடுவேன்.